இரக்கம் மட்டும் போதாது

மனத்திலேயே ஆலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். ஈசனுக்கு அந்த மனக்கோயில் போதுமாயிருந்தது. கால் வழங்காத வாலிபனுக்கோ நம் மனத்திலுள்ள இரக்கம் போதாது. தானே குளித்து, உடுத்து, ரயிலேறிச் சென்று, தொழில் செய்து பிழைக்கும் பயிற்சியே அவன் வேண்டும் சுதந்திரம்.

1975-ல் முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ஸ்தாபித்தார். அங்கே கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. தென்கோடிச் சிற்றூரில் கைகூடியது, ஆலைகள் மலிந்த திருவள்ளூர் ஜில்லாவில் கைகூடாதா?

2016-ம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் உத்தியோகங்களில் 100-க்கு 4 ஸ்தானங்களேனும் இவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பயிற்சியின்றி அவற்றை எட்டுவது எங்ஙனம்? திருநின்றவூரில் பயிற்சி நிலையமொன்று அமைக்க நகராட்சியும் ஆலை முதலாளிகளும் முன்வர வேண்டும். அதுவரை அவர்களை வற்புறுத்துவது தேசத் தொண்டர்களின் கடமையாகும்.