பழைய லாரிக்கு எந்த ஆயில்?

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி ஆயில் குடிக்க ஆரம்பித்தால், "கெட்டி ஆயிலா ஊத்துங்கண்ணே" என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. அவசரப்பட வேண்டாம்.

கேனில் 15டபிள்யூ-40 என்று இருக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு அதன் கெட்டித்தன்மையையும் சொல்கிறது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரிங்கைச் சென்றடையத் தாமதமாகும், தேய்மானம் கூடும். 20டபிள்யூ-50க்கு மாறும் முன், வண்டியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

ஏபிஐ குறியீடும் முக்கியம். சிஐ-4 போல 'சி'யில் தொடங்கினால் டீசலுக்கு; 'எஸ்' என்றால் பெட்ரோலுக்கு. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது, கரியைச் சுமக்கிறது என்பதன் அடையாளம். நிறத்தைப் பார்க்காமல், கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுங்கள்.

நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ, வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். கெட்டி ஆயில் அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், சரிசெய்யாது. ஒரே லாரியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, மாதத் தவணையோடு இன்ஜின் வேலையும் சேர்ந்தால் தாங்காது. தினமும் வண்டி எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.