கோணல் பின்னல்

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகையில், பரணிலிருந்து அகல்விளக்குப் பெட்டியை இறக்கும்போது இடது தோள் ‘சுருக்’ என்றது. தை பிறப்பதற்குள் கை காதுக்கு மேல் ஏறவில்லை. ரவிக்கைக் கொக்கி, பஸ் கம்பி, ராத்திரி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் தலை பின்னுவதும் போனது. முப்பது வருடத்தில் ஒரு நாளும் எனக்குக் காபி கலந்து தராத மனிதர், யூடியூப் பார்த்துப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார்.

இடது கை என்பதால் முதலில் ஈசிஜி. இதயத்தில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே. எலும்பிலும் ஒன்றுமில்லை. “ஃப்ரோஸன் ஷோல்டர். சுகர் இருக்கிறவங்களுக்கு அதிகம் வரும்” என்று மாத்திரை எழுதிய டாக்டர், என் தோளைத் தொடவே இல்லை.

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போனபோது, பேத்தியைத் தூக்க முடியாத பாட்டியாகப் போய் நின்றேன். மகள் ஒரு ஆஸ்டியோபதி நிபுணரிடம் நேரம் வாங்கினாள். “ஹோமியோபதியா?” என்றார் இவர். அது வேறு. இதில் உருண்டையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. கைதான் மருந்து.

அந்தப் பெண் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மூன்று மாதச் சர்க்கரை அளவு எவ்வளவு, எந்தப் பக்கம் படுக்கிறேன் என்றெல்லாம் கேட்டாள். பிறகு கழுத்து, முதுகு, விலா என்று விரல்களால் தடவிக்கொண்டே போனாள். தோள் வலி என்று வந்தவளின் விலாவில் என்ன தேடுகிறாள்? விளக்கினாள். கையை முழுக்கத் தூக்கும் 180 பாகையில் ஏறக்குறைய 60 பாகை, முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் நகர்வதால் வருவது. மூட்டு இறுகினால் அந்த எலும்பு கூடுதல் வேலை செய்யும். அதை இழுக்கும் தசைகள் களைத்துப்போகும். வலி கழுத்துக்கும் முழங்கைக்கும் பரவும். என் எக்ஸ்ரே படத்தில் இதெல்லாம் எங்கே தெரியும்!

ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோள்பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் என் கையை ஏழு விதமாக அசைத்தாள். முன்னே, பின்னே, சின்ன வட்டம், கொஞ்சம் இழுத்தபடி வட்டம்... ஸ்பென்சர் முறை என்று பெயராம், நூறு வருடத்துக்கு மேல் பழையது. மளுக்கென்று நெட்டி முறிக்கப்போகிறாள் என்று பயந்திருந்தேன். வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டாள். என் ஊரில் சுளுக்கு எடுக்கும் கிழவி இந்த ஒரு விஷயத்தைக் கற்றிருக்கலாம்.

இந்த வைத்தியத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் அமெரிக்க டாக்டர். 1864-ல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பாதரசத்தை மருந்தென்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மருந்தையே வெறுத்து, 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். எலும்பைச் சரிசெய்தால் சகல நோயும் போகும் என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்கவில்லை. தோளுக்கு வந்தவள் தோளோடு நின்றுகொள்கிறேன். பிரிட்டனில் 1993-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. பதிவு செய்யாதவர் ஆஸ்டியோபதி நிபுணர் என்று போர்டு மாட்ட முடியாது. நம் ஊரில் யாரும் மாட்டலாம் என்பதால், போகிறவர்கள் படிப்பை விசாரித்துவிட்டுப் போங்கள்.

நான்கு முறை போனேன். ராத்திரி தூக்கம் வந்தது. பேத்தியை மடியிலிருந்து தோளுக்கு ஏற்ற முடிந்தது. ஊர் திரும்பியதும் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் விரல்களை நடக்கவிட்டேன், தினமும். இப்போது கை தலைக்குப் பின்னால் போகிறது.

எதனால் என்று கேட்டால் திணறுவேன். உறைந்த தோள் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் பெரும்பாலும் தானாகவே இளகும் என்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். மாமியார் தன் முடக்கத்தான் தோசை என்கிறார். மகள் லண்டன் என்கிறாள். என்னைக் கேட்டால், அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பங்கு உண்டு.

போன வெள்ளிக்கிழமை நானே பின்னிக்கொண்டேன். இவர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“கோணலா இருக்கு. அவிழ்த்துடு, நான் போட்டுவிடறேன்” என்றார்.