நஞ்சுக்கு எல்லையில்லை, நமக்கோ அறுபது நாள்!

தம்பி,

நம் பக்கத்தார் மல்லாட்டை என்றழைக்கும் மணிலாப் பயிருக்குத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த விதைகளுக்கு டி.எம்.வி. என்று பெயர். அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. ஊர்ப்பெயர் விதைமூட்டையில் ஏறி நாடெங்கும் சென்றது, பெருமைதான். விதை சென்ற வழி தெரிகிறது. அவ்விதை முளைத்த வயலில் தெளித்த நஞ்சு சென்ற வழி தெரியுமா?

தெளித்தவன் கைகழுவி வீடு திரும்புகிறான். நஞ்சோ ஊர் சுற்றப் புறப்படுகிறது!

மேடைக்காகச் சொல்லும் அலங்காரமல்ல இது. அறிவியல் அளந்து கண்ட உண்மை. விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த நாளில், அதே மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், ஜப்பான் நாட்டு எகிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனபே குழுவினரும், வெள்ளாற்றுப் பாசன நெல்வயல்களை ஆராய்ந்தனர். உழவர் நன்கறிந்த பி.எச்.சி. மருந்து எங்கே போகிறது என்பதே கேள்வி. 1991இல் வெளிவந்த விடை என்ன? வயலில் இட்டதில் 100க்கு 99 பங்குக்கு மேல் காற்றில் கலந்துவிட்டது. எஞ்சிய சிறு பங்கே ஆற்றுவழி கடலைச் சேர்ந்தது. பூச்சியைக் கொல்ல வாங்கியது, காற்றுக்குக் காணிக்கையாயிற்று!

அக்குழுவினருடன் பணியாற்றிய தமிழர், பின்னாளில் அமெரிக்காவில் உலகறிந்த நஞ்சியல் அறிஞராக விளங்கிய குருந்தாசலம் கண்ணன். அவரும் தோழர்களும் இந்திய உணவுப் பொருள்களைச் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டனர். பாலிலும் வெண்ணெயிலும் இறைச்சியிலும் கொழுப்போடு கொழுப்பாக அந்நஞ்சு குடியேறியிருந்தது. வைக்கோல் தின்ற மாடு அறியுமா? பால் குடித்த குழந்தைதான் அறியுமா?

பி.எச்.சி. தடைசெய்யப்பட்டதோ 1997 ஏப்ரலில்! வயலின் உண்மை வெளிவந்த பின்னும் ஆறு ஆண்டுகள், தம்பி. அறிவு முன்னே ஓட, ஆட்சி ஆமையாக ஊர்ந்தது.

1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்தாண்டு கழித்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்துப் பார். மக்களுக்கு ஆபத்தென்று கண்டால் மாநில அரசு ஒரு மருந்தை 60 நாள் நிறுத்தி வைக்கலாம்; ஆய்வு முடியாவிடில் மேலும் 30 நாள். அதன்பின்? பதிவை அறவே நீக்கும் அதிகாரம் டில்லியிடம்! பூச்சிகளிடமிருந்து பயிரைக் காக்கும் பொறுப்பை மாநிலப் பட்டியலின் 14ஆம் இனத்தில் வைத்தது அரசியல் சட்டம். பொறுப்பு இங்கே, பூட்டு அங்கே! நெல் ஒரு போகம் விளையும் முன்னே முடிந்துபோகும் அதிகாரம் எதற்குப் பயன்?

தாமதத்தின் விலை தெரியுமா? 2013இல் பீகாரில் பள்ளிப் பகலுணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். அதனைக் கைவிடுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் முன்னரே இந்தியாவுக்கு அறிவுறுத்தியிருந்தது.

"மருந்தின்றி வேளாண்மை ஏது?" என்பர் சிலர். மருந்தே கூடாதென்று யார் சொன்னது? அளவு வேண்டும், தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடைவெளி வேண்டும், அளந்து பார்க்கும் ஆய்வகம் வேண்டும் என்கிறோம். உழவன் குற்றவாளியல்லன், கடைக்காரர் கொடுத்ததைக் கடனுக்கு வாங்கித் தெளிப்பவன். முதுகில் தெளிப்பானும் முகத்தில் துண்டுமாக வயலில் இறங்கும் கூலித் தொழிலாளியே நஞ்சின் முதல் இரை.

எனவே தம்பி, உன் கிளையின் அடுத்த கூட்டத்தில் மருந்துப் புட்டியின் முக்கோணத்தை விளக்கு: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. விழுப்புரம், திண்டிவனம் சந்தைக்கு வரும் காய்கறியை அங்கேயே, அன்றே சோதிக்கக் கேள். முடிவைத் தமிழில் பலகையில் எழுதக் கேள். நஞ்சைத் தடுக்கும் நிலையான அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டுமென்று ஓங்கிக் குரல் கொடு.

விதைக்கு ஊர்ப்பெயர் தந்த மண், நஞ்சுக்கு அணை போடும் உரிமையையும் கேட்கிறது. அது சலுகையன்று; உண்ணும் வாயின் உரிமை!