திறந்த காரும் கித்தான் உறையும்

துணி விலையாகிவிட்டால் அதன் கதை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. துணியின் ஆயுளில் பாதி, அதைப் பொருத்துகிறவர் கையில் இருக்கிறது என்பதே நமது கருத்து. இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மூடும் உறை இதற்கு நல்ல உதாரணமாகும்.

அந்நாட்டின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் செய்யப்பட்டது. அதன் திறந்த வகையில், கூரையை மடக்கியபின், முன்கண்ணாடியின் அடியிலிருந்து இருக்கைகளின் பின்புறம் வரை விரித்துப் பொத்தான்களால் மாட்டும் உறைக்கு டோனோ என்று பெயர். கித்தானிலும் தைப்பர், துணியின்மேல் பி.வி.சி. பூசிய வினைலிலும் தைப்பர். நடுவில் ஒரு ஜிப் ஓடும். தனியே செல்பவர் தம் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, அடுத்த இருக்கையை மூடியபடியே ஓட்டலாம். குளிர்காற்று உள்ளே சுழன்று காலைத் தாக்காது. சிறிய ஏற்பாடுதான், ஆயினும் அறிவுள்ள ஏற்பாடு.

இவ்வுறையைப் பொத்தான் துளைகளுடன் ஆயத்தமாக விற்பவர் உளர். துளையின்றி விற்பவரும் உளர். முன்னதை வாங்கினால் வேலை மிச்சம் என்பர். இதை நாம் ஏற்பதற்கில்லை. பல ஆண்டுகள் ஓடி, அடிபட்டுப் பழுது பார்க்கப்பட்ட கார்களில் பொத்தான்கள் ஒரே இடத்தில் இரா. உறையின் துளைக்கு இணங்கக் காரின் தகட்டில் புதிதாகத் துளையிடுவது பெருந்தவறு. அவ்வண்டியைச் செய்வது நின்று நெடுங்காலமாயிற்று. தகட்டில் இடும் ஒவ்வொரு துளையும் துருவுக்கு வாசலாகும். அளவு பாராமல் கொள்முதல் செய்த சரக்கு கிடங்கில் எவ்வாறு கிடக்கும் என்பதைச் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வோர் நன்கறிவர்!

ஆகவே துளையில்லா உறையே மேல். வாங்குமுன் ஸ்டீயரிங் வலப்பக்கமா இடப்பக்கமா என்றும், இருக்கையில் தலைதாங்கி உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். உறையில் அவற்றுக்கான பைகள் அதற்கேற்பவே தைக்கப்படும். வினைலாயின் வெயிலில் சற்று நேரம் விரித்து வைத்தால் இளகி மடிப்பு நீங்கும். ஜிப்பை மூடியே வைத்து, அதனை வண்டியின் நடுக்கோட்டில் நிறுத்தி, முதலில் பின்புற நடுவிலும் பிறகு முன்புற நடுவிலும் மாட்டி, அங்கிருந்து இருபுறமும் படிப்படியாக நகர்தல் நன்று. ஒவ்வொரு பொத்தானுக்கும் சாக்குக்கட்டியால் குறியிட்டுப் பார்த்த பின்னரே துளையிடலாம். இளகிய வினைலை முழுவலிவோடு இழுத்து மாட்டலாகாது. குளிரில் அது சுருங்கும்போது பொத்தான் எட்டாது. பாவு இறுக்கம் அறிந்த நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வுறையைக் கூரையாக எண்ணி மழையில் வண்டியை விட்டுச் செல்வோரும் உண்டு. நீர் நடுவில் குட்டையாகத் தேங்கும். அப்பாரத்தில் துணி தொய்யும். ஜிப் வழியே இருக்கை நனையும். மழைக்குக் கூரை இருக்கிறது, அதைத் தூக்கி மாட்டட்டும். நனைந்த உறையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். ஜிப்பின் பற்களில் ஆண்டுக்கு இருமுறை மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.