கம்பி எத்திசையிற் செல்கிறது?

அமெரிக்காவில் வசதி படைத்தோரிடையே ஒரு வழக்கம் உண்டு. பழைய ஜூக்பொக்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கி, பழுது நீக்கி, வரவேற்பறையில் நிறுத்தி, வீடெங்கும் பொருத்திய ஒலிபெருக்கிகளுடன் இணைத்துவிடுகின்றனர். படுக்கையறையிலும் நீச்சற் குளத்தருகிலும் ஒரே பாடல் ஒலிக்கிறது. பழமையைக் காப்பாற்றிவிட்டதாக அவர்கள் பெருமைப்படுகின்றனர். எதைக் காப்பாற்றினர் என்பதே நமது கேள்வி.

காசு போட்டாற் பாடும் பெட்டி பொது இடத்திற் பிறந்தது. 1889இல் சான் பிரான்சிஸ்கோவின் மதுச்சாலை ஒன்றில் லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவிக்கு நாணயத் துளை பொருத்தினார். ஐந்து சதம் போட்டவன் செவிக்குழாயினூடாகத் தான் மட்டும் கேட்டான். 1927இல் மின்பெருக்கி வந்தபின் ஒருவன் போட்ட காசுக்கு அறை முழுவதும் கேட்டது. 'ஜூக்' என்ற சொல்லோ, தென் மாநிலங்களிற் கறுப்பினத் தொழிலாளர் வேலை முடிந்து கூடிய ஆடற்கொட்டில்களிலிருந்து வந்தது. வானொலி பெரும்பாலும் ஒதுக்கிவைத்த கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டுகள் இப்பெட்டிகள் வழியே மக்களை அடைந்தன.

1948இல் சீபேர்க் நிறுவனம் 100 பாடல்களிலிருந்து தெரிவு செய்யக்கூடிய பெட்டியை வெளியிட்டது. அக்காலத்து உணவுச்சாலைகளில் மேசைதோறும் சுவரில் ஒரு சிறு பெட்டி இருந்தது. உண்ண வந்தவன் அங்கேயே காசு போட்டுப் பொத்தானை அழுத்துவான். அவனது தெரிவு கம்பி வழியே பெரிய பெட்டிக்குச் சென்று சேரும். பல அறைகளுக்கு ஒலிபெருக்கிகளும் இருந்தன. ஆகவே, 'வீடெங்கும் இசை' என்பது புதுமையன்று. புதிதாக நேர்ந்தது கம்பியின் திசைமாற்றமே. அன்று மேசைகளிலிருந்து பலரின் விருப்பம் பெட்டியை நோக்கிச் சென்றது. இன்று பெட்டியிலிருந்து ஒருவரின் விருப்பம் எல்லா அறைகளையும் நோக்கிச் செல்கிறது.

இணைப்பு வேலையில் நமக்குப் பகையில்லை. ஊசியிலிருந்து வரும் நலிந்த மின்குறிக்கு முன்பெருக்கி வேண்டும். பழைய பெருக்கியிலிருந்து எடுப்பதாயின் இடையில் மின்மாற்றி வேண்டும். பெட்டியின் பாடல் இலக்கமுறைக் கருவியினூடு சென்று மறு அறையில் ஒரு கணம் பிந்தி ஒலிப்பதுமுண்டு. இவை தொழில்நுட்பர் தீர்த்துவைக்கும் சிக்கல்கள். நாம் கேட்பது, பொத்தானில் யாருடைய விரல் இருக்கிறது என்பதையே.

அந்த நாட்களைப் பொற்காலமென்று போற்றவும் நாம் ஆயத்தமில்லை. விழுந்த காசு கடைக்காரருக்கும் பெட்டியின் உரிமையாளருக்கும் போயிற்று. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இப்பெட்டிகளுக்கு விலக்களித்தது. அதனால் பாட்டைப் புனைந்தவனுக்கு அது ஒலித்ததற்காக எதுவும் கிட்டவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே, பெட்டிக்கு ஆண்டொன்றுக்கு 8 டொலர் என்ற கட்டணம் 1978 முதல் விதிக்கப்பட்டது. வாத்தியக் கலைஞரின் வேலையையும் பெட்டி பறித்தது. 1942 ஓகஸ்ட் முதல் அவர்களது சங்கம் ஒலிப்பதிவை மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. 1944இற் பெரு நிறுவனங்கள் பணிந்து, விற்கும் தட்டுக்கு ஒரு பங்கைச் சங்க நிதிக்குச் செலுத்த இணங்கின. அந்நிதியால் மக்களுக்கு இலவச இசை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. மெருகேற்றிய மரத்திலும் வண்ண விளக்கிலும் இவ்வரலாறு தெரிவதில்லை.

'எமது பணம், எமது வீடு, உமக்கென்ன?' என்பர் சிலர். நன்று. ஆனால் உங்கள் வீட்டு அலங்காரத்தைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அழைக்காதீர். ஒருவன் மட்டும் தெரிவு செய்யும் ஜூக்பொக்ஸ், ஒருவன் மட்டும் நுழையும் நூலகத்தைப் போன்றது. நூல்கள் உண்டு, நூலகம் இல்லை.

பெட்டியைக் காக்க விரும்புவோர் அதனை ஊர் மண்டபத்திலோ பாடசாலையிலோ தொழிற்சங்க மனையிலோ நிறுத்தட்டும். விரும்பிய அளவு ஒலிபெருக்கிகளை இணைக்கட்டும். வழிப்போக்கன் ஒருவன் உள்ளே வந்து, உரிமையாளருக்குப் பிடிக்காத பாட்டொன்றின் பொத்தானை அழுத்தட்டும். அன்று அந்தப் பெட்டி உயிர்பெற்றதென்று நாமும் ஒப்புக்கொள்வோம்.