‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’

கேஸ் ஹிஸ்டரிகளில் எனக்கு ஆகவே ஆகாத வரி இதுதான். 15 வருட சர்க்கரையை ஒரே வரியில் நோயாளி தலையில் கட்டிவிடலாம். ஜூனியர்கள் எழுதுகிறார்கள், சீனியர்கள் தலையாட்டுகிறார்கள்.

55 வயது அம்மா ஒருவர் என்று வையுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. “மாத்திரை போடறதில்லையாம்மா?” கேட்டுவிட்டு டோஸைக் கூட்டுகிறோம். வீட்டில் குத்திப் பார்த்து மகள் எழுதிவைத்த நோட்டில் சர்க்கரை அவ்வளவு இல்லை. அதை யார் பார்த்தார்கள்? அதே ரிப்போர்ட்டின் மேல்வரியில் ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து குறைந்தால் புது சிவப்பணுக்கள் வரத்து குறையும், பழசுகளே சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றில் சர்க்கரை அதிகநாள் ஒட்டியிருக்கும். எண் உண்மையைவிட ஏறித் தெரியலாம். அந்த எண்ணை நம்பி கிளிமிபிரைடைக் கூட்டினால், லோ சுகரில் அடுப்படியில் விழப்போவது அந்த அம்மாதான், நாமில்லை.

கால் மரத்துப்போச்சு என்றால் இன்னும் சுலபம். ‘சுகர் நரம்பைத் தின்னுடுச்சு’, முடிந்தது கதை. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் உள்ளே போனால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பி12 குறைந்தாலும் கால் மரக்கும், ரத்தசோகை வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறை மாத்திரையை ஒழுங்காகப் போட்டவருக்குத்தான் வரும். அவர் ஷீட்டிலும் அந்த வரியையே எழுதி வைத்திருக்கிறோம்.