கர்த்தர் மனம் மாறமாட்டாரா?

“தேவ சித்தம் மாறாது. நடந்தது நடந்துவிட்டது. இனி அழுது கேட்டு என்ன பயன்?” வன்னிச் சபைகளில் இது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு இது ஆறுதல் அல்ல. வேதாகமமும் இப்படிச் சொல்லவில்லை.

முதலில் காட்டப்படுவது எண்ணாகமம் 23:19. தேவன் மனிதரைப்போல் சொன்னதை மாற்றுகிறவர் அல்ல என்ற கருத்து அங்கே இருப்பது உண்மை. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? இஸ்ரவேலைச் சபிப்பதற்குக் கூலி பேசி பிலேயாமை அழைத்த மோவாப் அரசன் பாலாக்குக்கு. ஓரிடத்தில் வாய்க்கவில்லையென்றால் இன்னோர் உயரம், அங்கேயும் ஏழு பலிபீடம் என்று அவன் பிலேயாமை இழுத்துக்கொண்டு திரிந்தான். ஆசீர்வதித்த சனத்தைப் பணத்துக்கும் பலிக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்பதே அவனுக்குக் கிடைத்த பதில். அரசனுக்குச் சொன்ன வசனத்தை எடுத்து ஏழைத் தாயின் வாயை அடைக்கிறோம்.

அடுத்துக் காட்டப்படுவது, அதே கருத்தைச் சொல்லும் 1 சாமுவேல் 15:29. ஆனால் அதே அதிகாரத்தின் 11ஆம், 35ஆம் வசனங்களில், சவுலை அரசனாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார். அது மனிதருக்கு விளங்குவதற்கான பேச்சுநடை மட்டுமே என்று கல்வினுக்கும் முன்பிருந்தே சொல்லி வருகிறார்கள். அப்படியானால் 29ஆம் வசனத்தை மட்டும் நேர்ப்பொருளில் எடுப்பது ஏன்? யோனாவுக்கு அது வெறும் பேச்சுநடையாகப் படவில்லை. நாற்பது நாளில் கவிழும் என்று அவர் அறிவித்த நினிவே தப்பியது. நீர் இப்படி இரங்குவீர் என்று தெரிந்துதானே ஓடினேன் என்று தேவனோடேயே சண்டை பிடித்தார்.

ஜெபம் ஜெபிக்கிறவரை மட்டும்தான் மாற்றும் என்ற வாதமே எனக்கு மிகவும் துக்கம் தருவது. யாத்திராகமம் 32இல், என்னை விட்டுவிடு, இவர்களை அழிக்கிறேன் என்கிறார் தேவன். மோசே விடவில்லை. எகிப்தியர் என்ன பேசுவார்கள், ஆபிரகாமுக்கு இட்ட ஆணை என்னாவது என்று வழக்காடுகிறார். 14ஆம் வசனத்தில் இறங்கி வருவது மோசே அல்ல, கர்த்தர். எசேக்கியாவுக்குச் சாவு நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட ஏசாயா நடு முற்றத்தைத் தாண்டவில்லை, திருப்பி அனுப்பப்பட்டார். 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன.

இப்படி மாறுகிறவரை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயமே. மல்கியா 3:6இல் பதில் இருக்கிறது: அவர் மாறாதவர், அதனால்தான் யாக்கோபின் பிள்ளைகள் அழியவில்லை. மாறாதிருப்பது அவருடைய இரக்கம். தீர்ப்பு மாறுவதற்கே அதுதான் காரணம்.

நடந்ததெல்லாம் மாறாத சித்தம் என்றால் ஆனையிறவுக்கு என்ன விளக்கம்? 1991இல் முற்றுகைக்குத் தாக்குப்பிடித்த படைமுகாம் 2000 ஏப்ரல் 22இல் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் அதைத் திரும்பப் பிடித்தது. உப்பளத்தை அண்டிய அந்த ஒடுங்கிய நிலத்தில் மூன்று முறையும் வென்றவர் அதைத் தேவ தீர்ப்பு என்று சொல்லிவிடலாம். மனிதர் திட்டமிட்டுச் செய்ததைத் தேவன் பேரில் எழுதிவிட்டால், செய்தவர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கியது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி தாய்மார் அங்கே இருந்தார்கள். கேட்ட எல்லாருக்கும் கிடைக்கவில்லையே என்று யாரும் சொல்லலாம். உண்மை. தாவீதுக்கும் கிடைக்கவில்லை. பிள்ளை சாகும் என்று நாத்தான் நேரே சொல்லியிருந்தும், ஒருவேளை கர்த்தர் இரங்குவார் என்று தாவீது தரையில் கிடந்து உபவாசித்தார். வீட்டு மூப்பர் வந்து எழுப்பியும் எழும்பவில்லை. அதை அவிசுவாசம் என்று வேதாகமம் எங்கும் குறைசொல்லவில்லை. பிள்ளை இறந்தது என்று அறிந்த பிறகுதான் எழுந்தார்.

இந்தத் தாய்மாருக்கு அந்தச் செய்திகூட ஒழுங்காக வரவில்லை. காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுப்படச் சொன்னார். யார், எங்கே, யார் கையில் என்று சொல்லவில்லை. தாவீது எழும்பாத இடத்தில் இவர்களை எழும்பச் சொல்ல எங்கள் கையில் எந்த வசனம் இருக்கிறது?